கடைசிச் சுற்றுக்கு ஒரு சைக்கிள்

இந்தக் கதையில் வரும் குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. தாடி இருப்பதும் சீடருக்குத்தான்.

குருவின் பெயர் பூங்கொடி. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு தகரக் கொட்டகையும் இரண்டு லேத்தும் வைத்திருந்தாள். பந்தய சைக்கிள்களுக்கு ஹப் செய்வது அவள் தொழில். ஹப் என்றால் சக்கரத்தின் நடுவில், கம்பிகள் எல்லாம் வந்து சேரும் இடத்தில் இருக்கும் உருளை. நன்றாகச் சுற்றுகிறவரை அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சீடரின் பெயர் மயில்சாமி. ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். சரியில்லாத பாகத்தின் மேல் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவதுதான் வேலை. அவர் குறி போட்டுவிட்டால் முதலாளியே வந்தாலும் அதை அழிக்க முடியாது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் தோசையில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி கையெடுத்துக் கும்பிட்டு, எங்கேயாவது போய் ஏதாவது கற்றுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

அப்படித்தான் அவர் பூங்கொடியிடம் வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் சாக்பீஸ் மட்டும் இன்னும் இருந்தது.

மழை ஓய்ந்ததும் நீலகிரியில் பெண்களுக்கான சேற்றுச் சைக்கிள் பந்தயம் தொடங்கும். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். உருளைக்கிழங்கு எடுத்த நிலத்தில், தண்ணீர் தேங்கிய பள்ளத்தில், சரிவில் எல்லாம் வளைத்து வளைத்துப் பாதை போட்டிருப்பார்கள். முடிந்த இடத்தில் ஓட்டலாம். முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு சைக்கிள். ஒன்றை ஓட்டும்போது இன்னொன்று பாதையோரம், பிட் என்று கயிறு கட்டிய இடத்தில் உதவியாளர் கையில் இருக்கும். அரைச் சுற்றுக்கு ஒரு முறை பாதை அந்த இடத்தைத் தொடும். சேறு அப்பிய சைக்கிளைப் போட்டுவிட்டு, கழுவிய சைக்கிளை வாங்கிக்கொண்டு பறப்பார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. முதலில் போகிறவள் ஒரு முழுச் சுற்று முந்தி வந்து, பின்னால் இருப்பவளை எட்டிவிட்டால், நடுவர் விசில் ஊதுவார். விசில் வாங்கியவள் அங்கேயே இறங்கிவிட வேண்டும். அவள் பெயருக்கு நேராக எந்த இடமும் எழுத மாட்டார்கள்.

கோத்தகிரியில் நர்ஸாக இருக்கும் சுகிர்தா அந்த வருடம் ஐந்து பந்தயம் ஓட்டினாள். ஐந்திலும் விசில். அவள் சக்கரத்தில் இருந்தது பூங்கொடி செய்த ஹப். அவளுக்காகப் பிட்டில் நின்றதும் பூங்கொடிதான். மயில்சாமி பக்கெட் தூக்கினார்.

ஐந்திலும் ஜெயித்த மிருணாளினியின் சக்கரத்திலும் பூங்கொடியின் ஹப்தான் இருந்தது. ஆறாவது பந்தயத்துக்கு முந்தைய நாள் அவள் போன் செய்தாள்.

"அக்கா, நாளைக்கு என் பிட்ல வந்து நில்லுங்களேன்."

"உனக்குத்தான் ஆறு பேர் இருக்காங்களே கண்ணு. சுகிர்தாவுக்கு நாங்க ரெண்டு பேருதான்."

பூங்கொடி போனை வைத்ததும் மயில்சாமிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங் அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கண்ணா."

"ஜெயிக்கிற புள்ளை தானா வந்து கூப்புடுது. நாம அஞ்சு தடவ விசில் வாங்குன புள்ளைக்குப் பக்கெட் தூக்கறோம். எதுக்குங்?"

பூங்கொடி லேத்தை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த பிரஷ்ஷை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நாளைக்குக் கழுவறது நீங்க. நான் தண்ணி கொண்டாறேன்."

கேட்டதற்கு இதுதான் பதிலா என்று மயில்சாமிக்கு விளங்கவில்லை. ஆனால் பிரஷ் கைக்கு வந்ததில் மனிதருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊட்டியில் விரல் மரத்துப்போகிற குளிர். இருபத்து மூன்று பேர் கோட்டில் நின்றார்கள். அதற்கு முன் சுகிர்தா பிட்டுக்கு வந்து இரண்டாவது சைக்கிளை ஒப்படைத்தாள்.

"கடைசியா வந்தாலும் பரவாயில்லைண்ணா. விசில் கேக்காம முடிக்கணும். என் பேருக்கு நேரா ஒரு நம்பர் வேணும், அவ்வளவுதான்."

"நீ ஓட்டும்மா. சைக்கிள் கண்ணாடியாட்டம் இருக்கும்" என்றார் மயில்சாமி.

அந்த வாக்குத்தான் வினையாகப் போனது.

முதல் மாற்று நன்றாக நடந்தது. சுகிர்தா வந்தாள், நல்ல சைக்கிளை வாங்கினாள், போனாள். சேற்றுச் சைக்கிள் மயில்சாமி முன்னால் கிடந்தது. பூங்கொடி தண்ணீர் கொண்டுவரச் சரிவில் இறங்கியிருந்தாள்.

மயில்சாமி காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். செயினை ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தார். பையிலிருந்து பல் பிரஷ் எடுத்து இடுக்குகளில் விட்டார். ஹப்புக்குள் சேறு போயிருக்குமோ என்று ஒரு சந்தேகம். முன் சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துத் துடைத்தார். ஹப்பின் மேல் பூங்கொடி பொறித்த எழுத்துப் பளிச்சென்று தெரிந்தது. அவர் முகத்திலும் ஒரு பளபளப்பு.

"அண்ணா!"

நிமிர்ந்து பார்த்தார். சுகிர்தா கை நீட்டியபடி நின்றாள். சைக்கிள் தரையில் கிடந்தது. சக்கரம் அவர் மடியில் இருந்தது.

அவள் சக்கரத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பரவாயில்லைண்ணா."

பாதி நிலமே ஒட்டிக்கொண்டிருந்த அதே சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். போகும்போதே சக்கரம் கரகரவென்று அரைபடும் சத்தம் கேட்டது. ஏச்சு வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பரவாயில்லையை அவரால் தாங்க முடியவில்லை.

பூங்கொடி இரண்டு பக்கெட்டோடு மேலே வந்தாள். நடந்ததை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்னால ஆகாதுங் அம்மிணி. அந்தப் புள்ளை பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன். என்னைய ரிஜக்ட் பண்ணிருங்க. வேற ஆளப் பாத்துக்குங்க."

பூங்கொடி அவர் மடியிலிருந்த சக்கரத்தை வாங்கி சைக்கிளில் மாட்டினாள். ஒரு பக்கெட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"செயின், பிரேக், பெடல். இந்த மூணுதானுங்கண்ணா. ஓடுமான்னு பாருங்க."

"மிச்சச் சேறு?"

"இன்னும் நாலு நிமிஷத்துல மறுபடி வரப்போற சேறுதானுங்களே."

அவர் பக்கெட்டை வாங்கிக்கொண்டார். அடுத்த முறை சுகிர்தா வந்தபோது சைக்கிள் நின்றுகொண்டு காத்திருந்தது. அதற்கடுத்த முறையும். தண்ணீர் ஊற்றும் அவசரத்தில் பாதி அவர் மேலேயே ஊற்றிக்கொண்டார். குளிரில் பற்கள் தந்தியடித்தன. நிறுத்தவில்லை.

நடுவில் ஒரு முறை நிமிர்ந்தபோது பாதை கண்ணில் பட்டது. காலையில் அங்கே புல் இருந்தது. மிருணாளினி முதலில் அந்தப் புல்லின் மேல் போனாள். அவளுக்குப் பின்னால் இருபத்தொரு பேர் உழுதுவிட்டுப் போனார்கள். சுகிர்தா வரும்போது முழங்கால் ஆழத்துக்குக் கூழ்தான் மிச்சம் இருந்தது.

"அம்மிணி, மொதல்ல போற புள்ளை ஓட்டுற பாதை வேறங். இது ஓட்டுற பாதை வேறங்."

"ஆமாங்கண்ணா" என்றாள் பூங்கொடி. "பக்கெட் காலியாயிருச்சு பாருங்க."

கடைசியை நெருங்கியபோது மிருணாளினி சுகிர்தாவின் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டாள். முடிவுக் கோட்டுக்கு இன்னும் ஐம்பது கெஜம். நடுவர் விசிலை வாயில் வைத்தார். மயில்சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

விசில் கேட்கவில்லை. கைதட்டல் கேட்டது.

கண்ணைத் திறந்தார். ஒரு சைக்கிள் நீளம் முன்னால் சுகிர்தா கோட்டைத் தாண்டியிருந்தாள். பின்னாலேயே வந்த மிருணாளினி பந்தயத்தை ஜெயித்து இரண்டு கைகளையும் தூக்கினாள். பிடிபடாமல் தாண்டியவளுக்கு மிச்சமிருக்கும் ஒரு சுற்றை முடிக்க உரிமை உண்டு. சுகிர்தா அந்தச் சுற்றுக்குத் தனியாகத் திரும்பினாள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக முடித்தார்கள். கூட்டம் பரிசு கொடுக்கும் இடத்துக்குப் போனது. பிட்டில் இருந்தவர்கள் பக்கெட்டுகளைக் கவிழ்த்துவிட்டு வேன் ஏறினார்கள். ஒருவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வந்தார்.

"பெரியவரே, நகருங்க. பந்தயம் முடிஞ்சிருச்சு."

"எங்களுக்கு இன்னும் முடியலீங்" என்றார் மயில்சாமி.

செயின், பிரேக், பெடல். மூன்றையும் கழுவி, சைக்கிளை நிமிர்த்திப் பிடித்து நின்றார். காலியான பிட்டில் அவரும் பூங்கொடியும் மட்டும்தான்.

சுகிர்தா மேட்டில் ஏறி வந்தாள். தலையைக் குனிந்து, சைக்கிளை இழுக்காத குறையாக வந்தாள். பிட் இருந்த பக்கம் அவள் பார்க்கவே இல்லை. யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அம்மா சுகிர்தா! இங்கே!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சேறு பூசிய முகத்தில் கண் இரண்டும் நிறைந்துவிட்டன. பழைய சைக்கிளை விட்டுவிட்டு இதன் கைப்பிடியைப் பிடித்தவள், ஏறாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணா, நெஞ்சுல என்ன? ரத்தமா?"

மயில்சாமி குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தொப்பை வரை சிவப்பாக வழிந்திருந்தது.

"உக்காருங்கண்ணா. மூச்சு வாங்குதா? எங்க அடிபட்டுச்சு?" என்று சைக்கிளைச் சாய்த்து வைக்கப் போனாள்.

"ரத்தமில்லம்மா, சாக்பீஸு! தண்ணியில கரைஞ்சுபோச்சு! நீ போம்மா, போ!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஏறிப் போனாள். அவள் கோட்டைத் தாண்டியபோது கைதட்ட நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் விசில் வைத்திருந்த நடுவர்.

பலகையில் சுகிர்தா என்ற பெயருக்கு நேராக இருபத்து மூன்று என்று எழுதினார்கள். அவள் அதை மூன்று முறை போட்டோ எடுத்தாள்.

வேனில் சாமான் ஏற்றும்போது மயில்சாமி பையைத் துழாவினார். விரல் நுனியில் கொஞ்சம் சிவப்புக் கூழ் வந்தது. பக்கெட்டில் கையைக் கழுவினார்.

"அம்மிணி, நான் கேட்டதுக்குப் பதில் இன்னும் வரலீங்களே."

"எதுக்குங்கண்ணா?"

"கடைசியா வர்ற புள்ளைக்கு நாம எதுக்கு நிக்கறோம்னு கேட்டனுங்களே, அதுக்கு. இன்னிக்கு இன்னொண்ணும் கேக்கோணும். அத்தனை பெரிய தப்புப் பண்ணுனேன். பக்கெட்டத் திருப்பி எங் கையிலயே எதுக்குங் குடுத்தீங்க?"

பூங்கொடி இரண்டு சைக்கிள்களையும் சேர்த்துக் கட்டி முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"விசில் ஊதறதுக்கு வேற ஆள் இருக்காங்கண்ணா. நம்ம வேலை சைக்கிளோட நிக்கறது."