உறங்குசாமியும் பாலமும்

"சாமி, தூங்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

வந்ததும் வராததுமாகத் தெய்வாத்தாள் கேட்டது இதுதான். கும்பிடக்கூட மறந்துபோனாள், பாவம்.

கேட்ட இடம் சரியான இடம்தான். ஆற்றின் கிழக்குக் கரையில் மடம் என்ற பெயரில் ஓர் ஓட்டுச் சாளை, ஒற்றை அறை வீடு. அங்கே இருந்தவருக்கு ஊர் வைத்த பெயர் உறங்குசாமி. நோம்பித் திருவிழாவுக்கு வேட்டுப் போட்டாலும் தூங்குவார். ஒருமுறை மந்திரி ஒருவர் ஆசீர்வாதம் வாங்க வந்து, எழுப்பப் பயந்து, வாழைப்பழச் சீப்பைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். எழுந்த சாமி பழத்தைத் தின்றார். யார் வைத்தது என்று கேட்கவேயில்லை.

தெய்வாத்தாள் பூவரசம்புதூர்ப் பேரூராட்சித் தலைவர். ஐம்பதைத் தாண்டியவள். மேடையேறிப் பேசக் கூசாதவள். படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தவள்தான். இப்போது கண்ணுக்குக் கீழே கரி அப்பிக் கிடந்தது.

"என்ன வந்துச்சு அம்மிணி?"

"பாலமுங்க."

சாமி ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாலம் வெள்ளை வெளேரென்று நின்றது.

அது வெள்ளைக்காரன் காலத்துப் பாலம். ஊர் மேற்குக் கரையில், காடு கழனியும் பள்ளிக்கூடமும் கிழக்குக் கரையில். பால் வண்டி, பள்ளிக்கூட பஸ், சந்தைக்குப் போகும் லாரி, எல்லாம் அதன் முதுகில்தான். வருசா வருசம் தை நோம்பிக்கு முன்னால் அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், காவிப் பட்டை போடுவார்கள், தூணுக்குத் தூண் மாலை சாத்திக் கற்பூரம் காட்டுவார்கள். அதோடு அந்த வருசத்துப் பராமரிப்பு முடிந்தது. வந்த விரிசலுக்குள் சுண்ணாம்பு போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்கிறவர்கள், அடடா, புதுப் பாலம் மாதிரியல்லவா இருக்கிறது என்பார்கள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஜெபமணி என்று ஓர் இன்ஜினியர் பேரூராட்சிக்கு மாற்றலாகி வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? ஆற்றுக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்தார். தூணுக்கும் தூணுக்கும் நடுவே இருப்பதைக் கண் என்பார்கள். மூன்றாவது கண்ணின் அடியில், சுண்ணாம்பைச் சுரண்டினால், கை நுழைகிற விரிசல்.

ஜெபமணி அந்த விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்து ஒட்டினார். விரிசல் அசையாமல் இருந்தால் கண்ணாடி முழுசாக இருக்கும். அசைந்தால் உடையும். அவ்வளவுதான் சங்கதி.

கண்ணாடி உடைந்தது.

ஆடு மேய்க்கிற பயல்கள் கல்லெறிந்திருப்பார்கள் என்றார்கள் வார்டு உறுப்பினர்கள். வேறு கண்ணாடி ஒட்டினார். அதுவும் உடைந்தது.

கண்ணாடி உடைந்தால் நம் ஜனத்துக்கு என்ன தோன்றும்? அபசகுனம் என்றுதானே தோன்றும். அதுதான் நடந்தது. ஊர் கூடிப் பேசிப் பாலத்துக்குத் திருஷ்டி கழித்தது. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கைப்பிடிச் சுவரில் படிகாரக் கல்லும் கட்டினார்கள். பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு உடைத்தது தெய்வாத்தாள்தான்.

இதையெல்லாம் சாமி பொறுமையாகக் கேட்டார்.

"அதுக்கப்புறம் கண்ணாடி உடைஞ்சுதா?"

"இல்லீங்க சாமி. இனிமேப்பட்டுக் கண்ணாடியே ஒட்ட வேண்டாமுன்னு சொல்லிப்போட்டேன்."

"அப்பத் தூங்கலாமே."

சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தெய்வாத்தாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவரிடம் வந்து கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

*

அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். செருப்புத் தேயத்தான் நடந்தாள். மாவட்ட அலுவலகத்தில், பழுது பார்க்கவெல்லாம் நிதி ஒதுக்கீடு இல்லை, புதுப் பாலம் கேட்டு எழுதுங்கள் என்றார்கள். எழுதினாள். போட்டோ கேட்டார்கள். நோம்பிக்கு எடுத்த போட்டோதான் கைவசம் இருந்தது, அதை அனுப்பிவைத்தார்கள். பாலம்தான் ஜம்மென்று இருக்கிறதே அம்மா, இதைவிட மோசமானதெல்லாம் வரிசையில் நிற்கிறது என்று பதில் வந்தது.

பேரூராட்சியிலும் பணம் இல்லாமல் இல்லை. ஊர் நுழைவில் அலங்கார வளைவு கட்ட எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பாலத்துக்குத் திருப்பலாமா என்று கூட்டத்தில் மெதுவாகத்தான் கேட்டாள். கூச்சல் எழுந்தது. வளைவில் எல்லா உறுப்பினர் பெயரும் பொறிப்பதாகப் பேச்சு. கூச்சல் அடங்கியதும், எப்போதும் வாயே திறக்காத ஓர் உறுப்பினர் எழுந்தார்.

"விரிசலை அடைச்சாக் கல்வெட்டை எங்கீங்கம்மா வெக்கறது?"

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அப்படியே அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள்.

ஜெபமணி ஒன்றே ஒன்றுதான் கெஞ்சினார். பணம் வருகிறபோது வரட்டும், முதலில் போக்குவரத்தை நிறுத்துங்கள் மேடம் என்றார். அதற்கு எந்த அலுவலகமும் வேண்டாம். அவள் ஒருத்தி கையெழுத்துப் போதும்.

போடலாம்தான். போட்டால் பஸ்ஸும் லாரியும் தெற்கே குப்பணாம்பட்டிப் பாலம் வரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். சந்தை வியாபாரிகள் சும்மா விடுவார்களா? பெற்றவர்கள் விடுவார்களா? அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவிடம் கேட்டாள். அவர் அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர். பாலம் கட்டுகிறவனுக்கு மாலை விழும், பாலத்தைச் சாத்துகிறவன் அடுத்த தேர்தலில் வீட்டுக்குப் போவான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

கையெழுத்து விழவில்லை. தூக்கமும் வரவில்லை.

விடியக் கருக்கலில் முதல் பஸ் பாலத்தில் ஏறுகிற சத்தம் அவள் வீட்டுக்குக் கேட்கும். அக்கரை போய்ச் சேர்ந்து டிரைவர் ஹாரன் அடிக்கிற வரைக்கும் தெய்வாத்தாள் மூச்சு விட மாட்டாள். அடித்துவிட்டால் அப்பாடா என்று இருக்கும். அதற்குள் அடுத்த வண்டி ஏறும். ஒரு நாள் பஸ் நடுப்பாலத்தில் ஆள் ஏற்ற நின்றுவிட்டது. ஹாரன் வரவில்லை. தெய்வாத்தாள் வாசல் வரை ஓடி, அங்கேயே வாந்தி எடுத்தாள்.

*

மறுபடியும் மடத்துக்குத்தான் வந்தாள். வேறு எங்கே போவாள்? அன்று சந்தை நாள். சாமி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அம்மிணி, உன்ற கார் தெக்கால இருந்தல்ல வருது?"

அவள் எதிர்பார்க்கவில்லை. குப்பணாம்பட்டியில் ஒரு வேலை இருந்தது, அதை முடித்துக்கொண்டு அப்படியே வந்தேன் என்றாள்.

"என்ன வேலை?"

ஒரு வேலையும் இல்லை.

சாமி அடுத்த கடலையை உரித்தார். அவர் கண் அவள்மேல்கூட இல்லை. மடை உடைந்த மாதிரி தெய்வாத்தாளிடமிருந்து எல்லாம் வெளியே வந்துவிட்டது. ரொம்ப நாளாகவே அவள் பாலத்தில் ஏறுவதில்லை. பள்ளிக்கூட பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பேத்தியையும் நிறுத்திவிட்டாள். காலையிலும் மாலையிலும் கார்தான், குப்பணாம்பட்டி வழிதான். பஸ்ஸில் பிள்ளைக்குத் தலை சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தாள். கார் டிரைவர் வாயையும் கட்டி வைத்திருந்தாள்.

சொல்லி முடித்தபோது அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலாம் என்று இருந்தது.

சாமி திட்டவில்லை. மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வா. உன்ற தூக்கம் எங்க கெடக்குதுன்னு பாத்துப்போட்டு வரலாம்."

*

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலும் சீமைக்கருவேலமும்தான். சாமி முன்னால் நடந்தார். மூன்றாவது கண்ணுக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். உடைந்த கண்ணாடியில் ஒரு துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்கு நேர் கீழே துண்டை விரித்தார். படுத்துக்கொண்டார்.

தெய்வாத்தாள் நிழலுக்குள் வரவில்லை. வெயிலில் நின்றபடியே, எழுந்து வாருங்கள் சாமி, மடத்தில் போய்ப் படுக்கலாம் என்றாள்.

"இங்க காத்து நல்லா வருது."

மேலே ஒரு பஸ் போனது. பாலம் முனகியது. பொலபொலவென்று காரைத் தூள் உதிர்ந்து சாமியின் வயிற்றில் விழுந்தது. காதோரம் ஒரு சில்லும் வந்து விழுந்தது. அவர் அதைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடினார். சித்த நேரத்தில் குறட்டை கேட்டது.

நிஜத் தூக்கமா பொய்த் தூக்கமா, அது அவருக்கே வெளிச்சம்.

தெய்வாத்தாள் சாமி, சாமி என்று கூப்பிட்டாள். மடத்தில் சோறு வந்திருக்கிறது என்று பொய் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் பாலத்து முனையில் டீக்கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்து, ஒவ்வொருவராகக் கரையிறங்கி வந்தார்கள். தலைவரம்மா வெயிலில் நின்று தவிக்கிறதும், பாலத்தடியில் சாமி தூங்குகிறதும் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. என்னங்க ஆச்சு என்று கேட்டார்கள்.

வார்த்தை நுனி நாக்குக்கு வந்துவிட்டது. சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரியும். நாளைக்கு வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். விழுங்கிக்கொண்டாள்.

அங்கே பாம்பு இருக்கிறது என்றாள்.

சாமியைப் பாம்பு என்ன செய்யும் என்று டீக்கடைக்காரர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நல்ல சாமி, நல்ல இடமாகப் பார்த்துத்தான் படுத்திருக்கிறார் என்றார்கள். ஒருவர் தானும் நிழலுக்குள் போய்த் தூணில் சாய்ந்து பீடி பற்றவைத்தார்.

அப்போது கிழக்கே ஹாரன் கேட்டது.

மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரி. சந்தைக்குப் போகிறது. மூட்டைகள் மரக்கிளையை உரசுகிற உயரத்துக்கு இருந்தன. டீக்கடையைத் தாண்டினால் பாலம்.

தெய்வாத்தாள் லாரியைப் பார்த்தாள். சாமியைப் பார்த்தாள். பீடிக்காரரைப் பார்த்தாள். அப்புறம் அவள் எதையும் யோசிக்கவில்லை. இத்தனை நேரம் கால் வைக்காத நிழலுக்குள் ஓடிப்போய், சாமியின் இரண்டு காலையும் பிடித்து இழுத்தாள்.

"பாலம் உழுந்துரும் சாமி, எந்திரிங்க. பாலம் உழுந்துரும்."

தூண்களில் மோதி அவள் குரல் திரும்பி வந்தது. பீடிக்காரர் வெளியே பாய்ந்தார். கரையில் நின்றவர்களின் சிரிப்பு நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சாமி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நல்லாச் சத்தமாத்தான் சொல்றே அம்மிணி. மேல போறவங்களுக்குத்தான் கேக்கலையாட்ட இருக்குது."

தெய்வாத்தாள் அவர் காலை விட்டாள்.

சேலையை வாரிச் செருகிக்கொண்டு ஓடினாள். செருப்பு மணலில் போயிற்று. முள் ஏறியது, அதையும் பார்க்கவில்லை. மேடேறிப் பாலத்து முனையில், நட்ட நடு ரோட்டில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

லாரி கிறீச்சிட்டு அவள் முகத்துக்கு முன்னால் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். சந்தைக்கு நேரமாகிறது, தள்ளுங்கள் என்றார்.

"போகக் கூடாதுங்க. பாலம் தாங்காது."

அவர் அவளுக்குப் பின்னால் இருந்த பாலத்தைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

லாரிக்குப் பின்னால் பஸ் வந்து நின்றது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"காலையில ஒரு நடை இதுலதானுங்க போனேன்" என்றார் டிரைவர். கோபமாகச் சொல்லவில்லை. "என்ற பொண்டாட்டி புள்ளையும் வண்டியில இருந்தாங்க."

தெய்வாத்தாள் கையை இறக்கவில்லை.

"உங்களுக்கு எப்ப இருந்துங்க தெரியும்?" என்று கேட்டார் டிரைவர்.

எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.