சோலைமந்தியின் தாடி

பொதிகைச் சாரலில் குமரியம்மை என்னும் ஞானி வாழ்ந்து வந்தார். அவருக்கு வயது முப்பத்தெட்டு. அவரை அடைந்து பாடம் கேட்ட அம்பலவாணருக்கோ அறுபத்து நான்கு. இலக்கணம் கற்பித்தே தலை நரைத்த தமிழாசிரியர். வெண்தாடி மார்பைத் தொடும்.

மறுநாள் அம்மையிடம் அவருக்குத் தீட்சை. அதைக் கேள்வியுற்று மலையேறி வந்த தம்பி, "அண்ணாச்சி, ஒங்க தாடி வயசு இருக்குமா அந்தப் பொண்ணுக்கு? அவ காலுலயா விழப்போறீய?" என்று சிரித்துவிட்டு அப்போதுதான் இறங்கிப் போயிருந்தார்.

அச்சொல் அம்பலவாணரை விடவில்லை.

"அம்மையே, குருவை எதைக்கொண்டு அறிவது?"

அம்மை ஒரு துணியில் உப்பை முடிந்து நீட்டினார். "காலில் தேய்த்துக்கொள்ளுங்கள், அட்டை கடிக்கும். சோலைமந்தி பார்த்து வருவோம்."

காட்டினுள் நண்பகலும் அந்தி போல் இருண்டிருந்தது. அம்பலவாணர் ஓடைக்கரையெங்கும் குனிந்து குனிந்து நடந்தார்.

"எதைத் தேடுகிறீர்கள்?"

"நீர் குடிக்க இறங்குமே, சுவடு இருக்குமல்லவா?"

"மரப்பொந்தில் தேங்கும் மழைநீர் அதற்குப் போதும். தரையை மிதிப்பது அரிது. சற்றே நிமிருங்கள், ஐயா."

தின்று போட்ட வெடிப்பலாக் காயின் முள்தோல் ஒன்று மேலிருந்து அவர் காலடியில் பொத்தென்று விழுந்தது. நிமிர்ந்தார். உச்சிக்கிளையில் மைபோற் கறுத்த உருவம். முகத்தைச் சூழ்ந்து வெள்ளித் தாடி. தொங்கிய வாலின் நுனியில் சிங்கவாலின் குஞ்சம்.

அவர் கைகள் தாமே குவிந்தன.

"அடடா, மடாதிபதி கொலுவிருப்பது போலல்லவா இருக்கிறார்! ஆயினும் அம்மையே, ஒரு சிறு திருத்தம். மந்தி என்பது பெண்குரங்கின் பெயர். இவ்வளவு தாடி உடையவரைக் கடுவன் என்பதே மரபு."

"ஓகோ! கடுவனார் என்றே இருக்கட்டும்."

கடுவனார் மெல்லத் திரும்பினார். மார்பில் ஒரு குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது.

அம்பலவாணர் தம் தாடியைத் தடவினார்.

"இக்குலத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தாடி உண்டு," என்றார் அம்மை.

குட்டி மடியினின்று குதித்தது. அதே தாடியோடு அமர்ந்திருந்த வேறு இருவரைத் தாண்டி ஆடியது. பின் சிறிதும் தயங்காமல் தன் தாயிடமே திரும்பி ஒட்டிக்கொண்டது.

"எல்லா முகமும் ஒன்றுபோல் இருக்கின்றனவே. அது எதைக்கொண்டு அறிகிறது, அம்மையே?"

"அதற்குப் பசிக்கிறது, ஐயா."