கதவைத் திறந்தால் கழன்றுகொள்ளும் பெல்ட்

"எனக்குப் பந்தயத்துல ஓட்டத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லிருங்க அம்மணி."

சென்னியப்பன் இதைக் கேட்டபோது பிரமிளா ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தாள். வெளியே தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்துத்தான் அவர் கேட்டார்.

"வண்டி எதுங்ண்ணா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்து விற்கும் கம்பெனியின் முதலாளி. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். அவளுக்கு முப்பத்துச் சொச்சம். சில வருடங்கள் பந்தயத்தில் ஓட்டினாள். இப்போது ஊருக்கு வெளியே ஒர்க்‌ஷாப் போட்டு, மற்றவர்கள் ஓட்டும் கார்களைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறாள். சிஷ்யர் மூத்தவர், குரு இளையவள். அதற்கெல்லாம் வெட்கப்படுகிற ஆளாக இருந்தால் இந்த வயதில் ஹெல்மெட் வாங்கியிருப்பாரா?

பிரமிளா எழுந்து வந்து காரைப் பார்த்தாள். இடப்பக்கம் ஸ்டியரிங் வைத்த பழைய ஜப்பான் வண்டி. அவர் மச்சினன் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, ஓட்டச் சலித்துப்போய் இவருக்குக் கொடுத்தது.

"ஒரே ஒரு சிக்கலுங்க. இந்த பெல்ட்டோட பந்தயத்துல உடமாட்டாங்களாம்."

"அப்படி என்ன பெல்ட்டுங்ண்ணா?"

"பாருங்க, பாருங்க."

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திச் சாவியைத் திருகினார். கதவுக்கு மேலே 'ர்ர்ர்' என்று ஒரு மோட்டார் ஓடியது. முன்கண்ணாடிப் பக்கம் நின்றிருந்த பெல்ட் ஒரு சின்னத் தண்டவாளத்தில் பின்னால் நகர்ந்து வந்து, மாப்பிள்ளைக்கு மாலை போடுகிற மாதிரி அவர் தோளில் விழுந்தது. கதவைத் திறந்தார். மறுபடி 'ர்ர்ர்'. பெல்ட் வந்த வழியே போய்விட்டது.

"முப்பது வருஷமா என் கை இதத் தொட்டதே இல்லீங்க!" அவர் முகத்தில் அத்தனை பெருமை. "இதே மோட்டார வெச்சு, அந்தப் பந்தய பெல்ட்டும் தானா வந்து மாட்டிக்கற மாதிரி பண்ணித் தாங்க."

பிரமிளா குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். இன்னொரு பெல்ட்டை வெளியே இழுத்தாள். கம்பெனிக்காரன் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"இது என்னுங்ண்ணா?"

"அது இடுப்புக்குங்க. கையால மாட்டோணும்."

"மாட்டுவீங்களா?"

"மேல ஒண்ணு தானா வந்துருதுல்லங்க..."

"மோட்டாரக் கழட்டி எறிஞ்சிருவேன். வண்டிய உட்டுட்டுப் போங்க."

அவர் ஆட்டோ பிடித்து வீடு போனார். வழியெல்லாம் பல் பிடுங்கிக்கொண்டவர் மாதிரி கன்னத்தில் கையை வைத்திருந்தார்.

*

அடுத்த தடவை வந்தபோது காருக்குள்ளே, கவிழ்ந்தாலும் நசுங்காமல் இருக்க, இரும்புக் குழாயில் ஒரு கூண்டு நின்றது. தண்டவாளம் இல்லை, மோட்டார் இல்லை. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைக்கு இடையில் இரண்டு என்று பட்டைகள் தொங்கின. எல்லாம் வயிற்றின் மேல் ஒரு வட்டப் பூட்டில் வந்து சேர வேண்டும். பூட்டைத் திருகினால் எல்லாம் ஒரே சமயத்தில் விடும்.

"மாட்டுங்ண்ணா."

மாட்டினார். ஒன்றை மாட்டினால் ஒன்று நழுவியது. வேர்த்துக் கொட்டியது. கடைசியில் எல்லாம் பூட்டில் விழுந்தபோது, பத்தாம் வகுப்பு பாஸானவர் மாதிரி சிரித்தார்.

"ஏன் இந்த வயசுல பந்தயமுங்ண்ணா?" என்று அப்போதுதான் அவள் கேட்டாள்.

கட்டுண்டு உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, அவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"கம்பெனி எங்கப்பாரு ஆரம்பிச்சதுங்க. பொண்ணு எங்கம்மா பாத்தாங்க. இந்தக் காரு மச்சினன் குடுத்தது. இப்ப பையன் வந்து, 'நீங்க வீட்டுல இருங்கப்பா, நான் பாத்துக்கறேன்'ங்கறான். எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா என்னயக் கேட்டு எதுவுமே நடக்கல. அதனாலதானுங்க கேக்கறேன். எனக்கு ஓட்டத் தெரியுமா?"

"இறங்குங்ண்ணா," என்றாள்.

அவர் கதவைத் திறந்தார். திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அவளும் நின்றிருந்தாள்.

அவர் கண் தானாக மேலே போயிற்று. தண்டவாளம் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகுதான் குனிந்து, தன் வயிற்றைப் பார்த்தார்.

"அட, மறந்தே போச்சுங்க!" என்று சிரித்தார்.

"மறுபடியும் மாட்டுங்ண்ணா."

மாட்டினார். இறங்கச் சொன்னாள். மறுபடியும் கதவுதான் முதலில் திறந்தது. யோசித்துச் செய்தால் கை பூட்டுக்குப் போயிற்று. யோசிக்க விடாமல் அவள் திடீரென்று சத்தம் போட்டால் கை கதவுக்குப் போயிற்று. கதவு திறந்ததும் அவர் உடம்பு, யாரோ வந்து விடுவிக்கப் போகிறார்கள் என்பதுபோல் அப்படியே அமைதியாக இருந்தது.

சாயங்காலம் ஆனதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் ஓட்ட வந்தேனுங்களா, இறங்க வந்தேனுங்களா? பெல்ட்டுதானுங்க, சித்த முன்னப்பின்ன ஆனா என்ன போச்சு?"

"தீப்புடிச்சா அது காத்திருக்காதுங்ண்ணா."

அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார். அவர் கேட்ட கேள்விக்கு அன்றும் பதில் இல்லை.

*

பந்தயத்துக்கு முந்தின வாரம் வந்தார். காரைப் பார்த்துத் திகைத்து நின்றார். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவையே காணோம்.

"கதவு எங்கீங்க?"

"கழட்டி வெச்சிருக்கறேன். உக்காந்து மாட்டுங்க."

மாட்டினார். அவள் பேனட்டைத் திறந்து குனிந்து ஏதோ வேலையாக இருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வேலை செய்கிறாளா, மறந்துவிட்டாளா என்று அவர் எட்டிப் பார்த்தபோது, பேனட்டைப் படாரென்று சாத்தி, "தீ!" என்று கத்தினாள்.

அவர் இடது கை பாய்ந்தது. பிடிக்க அங்கே கைப்பிடி இல்லை. விரல்கள் காற்றில் ஒரு தடவை மூடித் திறந்தன.

அந்தக் கையை அவரே பார்த்தார். வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

கை மெதுவாகத் திரும்பி வந்தது. பூட்டைத் திருகியது.

"இன்னொருக்கா," என்றார், அவராகவே.

அன்று முழுக்க அதைத்தான் செய்தார்கள். சாப்பிடக்கூடப் போகவில்லை. கடைசியில் அவள் கத்தி முடிப்பதற்குள் அவர் வெளியே நின்றார். அவள் கதவைக் கொண்டுவந்து மாட்டினாள். கதவு வந்த பிறகும் கை முதலில் வயிற்றுக்கே போயிற்று.

"இப்பவாச்சும் சொல்லுங்க அம்மணி. ஓட்டத் தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை பாக்கலாமுங்ண்ணா."

*

ஞாயிற்றுக்கிழமை அவருடைய கிரைண்டர் ஏஜென்டுகள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். ஆளாளுக்கு அவர் படம் போட்ட பனியன். மகன் வந்திருந்தான். மனைவி வந்திருந்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

பந்தயப் பரிசோதனைக்காரர்கள் பெல்ட்டைக் கழற்றி இறங்கிக் காட்டச் சொன்னார்கள். இறங்கிக் காட்டினார். தலையாட்டி அனுப்பினார்கள். பிரேக், டயர், எல்லாவற்றையும் பார்த்துக் கண்ணாடியில் ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று.

கார்கள் வரிசையில் நின்றன. இன்ஜின்கள் உறுமின. ஏஜென்டுகள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். சென்னியப்பனுக்கு வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

சும்மா ஒரு தடவை பிரேக்கை மிதித்துப் பார்த்தார்.

காலையில் நின்ற இடத்தில் அது நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. கொஞ்சம்தான். மறுபடி மிதித்தார். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

எல்லாரும் பார்த்த வண்டிதானே, ஏதாவது இருந்தால் சொல்ல மாட்டார்களா என்று நினைத்தார். கொடிக்காரர் முகத்தைப் பார்த்தார். அவர் கட்டை விரலைக் காட்டிச் சிரித்தார். தூரத்தில் தடுப்புக்கு அப்பால் பிரமிளா நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் அப்படியே காத்திருந்தார்.

யாரும் வரவில்லை.

கொடி மேலே போகப் போகிறது. அவர் கை வயிற்றுக்குப் போயிற்று. பூட்டைத் திருகினார். பட்டைகள் பொத்தென்று விழுந்தன. கதவைத் திறந்து இறங்கி, தன் வண்டி ஓடாது என்று காட்ட இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்.

ஏஜென்டுகளின் சத்தம் நின்றது.

ஆட்கள் ஓடிவந்து அவருடைய காரை ஓரமாகத் தள்ளினார்கள். மற்ற கார்கள் அவரை விட்டுவிட்டுப் போயின.

தடுப்புக்கு அப்பால் அடுக்கியிருந்த பழைய டயர்களில் உட்கார்ந்தார். பிரமிளா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னாச்சுங்ண்ணா?"

"பிரேக்கு கொஞ்சம் உள்ள போற மாதிரி இருந்துச்சுங்க."

"இறங்கச் சொல்லி யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்க."

கார்கள் ஒரு சுற்றுப் போய்விட்டு அவர்கள் முன்னால் பறந்தன. புழுதி இரண்டு பேர் மேலும் படிந்தது. அவருக்கு அழுகை வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாததால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நன்றாகவே அழுதார்.

"அம்மணி, பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சுன்னா?"

"இருந்துட்டுப் போகட்டுமுங்ண்ணா," என்றாள் பிரமிளா. "உங்களுக்கு ஓட்டத் தெரியுது."