இருவருக்கும் ஒரே கடிதம்

நாற்பத்தாறு வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர் காளீஸ்வரன். கற்றுக்கொடுத்த ஹம்சவேணிக்கு முப்பதுகூட முடியவில்லை. மதுரையில் அவர்கள் வேலை பார்த்த சின்ன அலுவலகமே அவளைக் குரு என்று கேலியாகக் கூப்பிட்டது. காளீஸ்வரன் மட்டும் கேலியில்லாமல் கூப்பிட்டார்.

அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தனியாக எழுதிய முதல் புரோகிராம் தயார். மறுநாள் சாயல்குடியில் கண் முகாம். போன வருஷ முகாமில் எடுத்து, இடம் அடைக்காமல் சுருக்கி வைத்த கண் படங்களை அந்தப் புரோகிராம் திறக்கும். புதுப் படங்களைச் சுருக்கி, ஆமை வேக நெட்டிலும் டாக்டருக்கு அனுப்பும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் யாருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

"சுருக்குறதுக்கு ஒருத்தரோட கோடிங், திறக்கிறதுக்கு இன்னொருத்தரோடது. ரெண்டும் இலவசம், குருவே. ஒண்ணாச் சேர்த்துப் பிணைச்சுட்டேன்."

"நன்றிக் கடிதம் எழுதியாச்சா சார்?"

அந்த அலுவலகத்தில் அது ஒரு வழக்கம். யார் எழுதியதை எடுத்தாலும், அதை வைத்து என்ன செய்தோம், இலவசமாகத் தரும்போது லைசென்ஸில் அவர் போட்ட நிபந்தனையை எப்படிக் காப்பாற்றினோம் என்று அவருக்கு நாலு வரி எழுத வேண்டும். எழுதாமல் எதுவும் வெளியே போகாது.

காளீஸ்வரன் மடமடவென்று எழுதினார்.

முதல் கடிதம், சுருக்கும் கோடிங் எழுதியவருக்கு: "ஐயா, நீங்கள் கேட்டபடி எங்கள் புரோகிராம் முழுவதையும் எல்லோருக்கும் திறந்து கொடுக்கிறோம். யாரும் அதை எப்படியும் மாற்றலாம். நாங்கள் எந்தத் தடையும் போடவில்லை."

இரண்டாவது, திறக்கும் கோடிங் எழுதியவருக்கு: "ஐயா, நீங்கள் கேட்டபடி, எங்கள் புரோகிராமில் உள்ள உங்கள் பகுதியை மாற்றி யாரும் உங்கள் முறையில் சுருக்கும் கருவி செய்யக்கூடாது என்று தடை போட்டிருக்கிறோம்."

ஹம்சவேணி இரண்டையும் படித்தாள்.

"நல்லா இருக்கு சார். புரோகிராம் ஒண்ணுதானே? ரெண்டையும் ஒரே கடிதமாக்கி ரெண்டு பேருக்கும் அனுப்பிடுங்க."

இதென்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தார். 'யாரும் எப்படியும் மாற்றலாம்' என்று எழுதினார். அடுத்து 'ஆனால்' என்று போட்டார். அழித்தார். மறுபடி போட்டார். டீ ஆறி ஏடு கட்டியது.

"வரலை, குருவே."

"ஏன்?"

"இவர்கிட்ட சொன்னதை அவர்கிட்ட சொல்ல முடியலை."

அவள் தன் வேலைக்குத் திரும்பினாள். காளீஸ்வரனுக்குக் கோபம் வந்தது.

"புரோகிராமை ரெண்டாப் பிரிச்சு எழுத ரெண்டு நாள் ஆகும். நாளைக்கு நூறு பேர் வந்து உட்காருவாங்க. அந்த ரெண்டு பேரும் வேற வேற நாட்டுல இருக்காங்க, ஒருத்தரை ஒருத்தர் தெரியக்கூடத் தெரியாது. தனித்தனியா அனுப்பிட்டா யாரு பார்க்கப் போறா?"

"ஒரு மணி நேரமா எழுதினீங்களே, யாராவது பார்த்தாங்களா?"

"இல்லை."

"அப்ப எதுக்கு சார் கை நின்னுச்சு?"

காளீஸ்வரன், முகாமை இரண்டு நாள் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்க, சாயல்குடிக்குப் போன் போட்டார்.