இருபதாவது ஆட்டம்

“சார், ஊருக்கெல்லாம் ஒன்பது புள்ளி எட்டு. எனக்கு மட்டும் பத்து புள்ளி ஒன்பது. பூமிக்கு என்மேல அப்படி என்ன கோபம்?”

ஆய்வுக்கூட வாசலில் நின்று தமயந்தி கேட்டாள். குரலில் பாதி அழுகை, பாதி சண்டை.

அன்வர் சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உள்ள வாங்க அக்கா. பூமியை அப்புறம் விசாரிப்போம்.”

தமயந்தி நாற்பத்தொரு வயதில் பி.எட். சேர்ந்தவள். கற்பித்தல் பயிற்சிக்காக இந்தப் பள்ளிக்கு வந்திருந்தாள். இயற்பியல் ஆசிரியர் அன்வர்தான் அவளுக்கு வழிகாட்டி. அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை சார் என்பாள். இருவருக்கும் அதில் சங்கடம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்குத் தேர்வு வகுப்பு. கல்லூரியிலிருந்து தேர்வாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அவர் பார்க்க, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனி ஊசல் சோதனையை நடத்திக் காட்ட வேண்டும்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட வேண்டும், ஆட்டிவிட வேண்டும். இருபது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, பூமியின் இழுப்பைக் கணக்குப் போட வேண்டும். ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும். அது புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது.

வினையே அங்கேதான். கூட வந்த பயிற்சி ஆசிரியைகள் விடையைப் பிடித்துக்கொண்டு கணக்கைத் தலைகீழாகப் போட்டு, ஆட்டத்துக்கான நேரத்தை எழுதிக்கொண்டார்கள். பத்து நிமிஷ வேலை. குண்டுக்குத் தொந்தரவே இல்லை.

“நீங்களும் அப்படி எழுதியிருக்கலாமே அக்கா?”

“எழுதலாம். அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சார் அந்தப் பிள்ளைங்க முன்னாடி நிக்கிறது?”

அன்வர் சார் சாப்பாட்டு டப்பாவை மூடித் தள்ளிவைத்தார்.

“என்னென்ன மாத்திப் பார்த்தீங்க?”

“எல்லாத்தையும்தான். நூல் புதுசு, குண்டு புதுசு, நிறுத்துக்கடிகாரம் புதுசு.”

“ஒரே நேரத்துலயா?”

“ஆமா சார்.”

“ஊரையே பிடிச்சு உள்ள போட்டா, திருடன் யாருன்னு எப்படித் தெரியும்?”

தமயந்தி எழுந்து போனாள்.

மறுநாள் நூலை மட்டும் மாற்றினாள். பழைய நூலைத் திரும்பக் கட்டிவிட்டுக் குண்டை மட்டும் மாற்றினாள். பிறகு கடிகாரத்தை. பிறகு அளவுகோலை. காற்றுதான் காரணமோ என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வை வழிய நின்றாள். விடாப்பிடியான பெண்பிள்ளை. ஆனால் அந்தப் பத்து புள்ளி ஒன்பது அவளைவிட விடாப்பிடியாக இருந்தது.

“எதை மாத்தினாலும் அதேதான் சார் வருது.”

“ஒரு தடவைகூடக் குறைஞ்சு வரலையா?”

“வரலை.”

“ரொம்ப நல்லது.”

தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இதுல எது சார் நல்லது?”

“கைத்தடுமாற்றம்னா ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும். இது ஒரே பக்கமா, ஒரே அளவா வருது. இவ்வளவு ஒழுங்கா நடந்துக்கிற தப்பு ரொம்ப நாள் ஒளிஞ்சிருக்காது. நீங்க இன்னும் மாத்தாதது எதுன்னு பாருங்க.”

மணி அடித்தது. அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

தமயந்தி ஊசலுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மாற்றாதது என்ன? மேஜையா? அறையா? அவளேதானா?

இருபது.

புத்தகம் இருபது ஆட்டம் என்றது, இவளும் இருபது என்றே எண்ணிக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பத்தோடு நிறுத்திப் பார்த்தாள். பன்னிரண்டு புள்ளி ஒன்று வந்தது. இன்னும் மோசம். இருந்தாலும் விடவில்லை. ஐம்பதுவரை எண்ணினாள். பத்து புள்ளி இரண்டு.

பத்து ஆட்டத்துக்குப் பன்னிரண்டு. இருபதுக்கு ஏறக்குறையப் பதினொன்று. ஐம்பதுக்குப் பத்தும் கொஞ்சமும்.

நூலின் நீளத்தில் பிசகு என்றால் பத்துக்கும் ஐம்பதுக்கும் ஒரே அளவு பிசகியிருக்க வேண்டும். இது ஆட்டம் கூடக் கூடக் கரைகிறது. அப்படியானால் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடக்கிற தப்பு இல்லை. எத்தனை ஆட்டம் எண்ணினாலும் ஒரே ஒரு தடவை நடக்கிற தப்பு.

எழுந்தே நின்றுவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பி.எட். இடம் கிடைத்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வகுப்பு முடிந்து வந்த அன்வர் சாரை உட்காரக்கூட விடவில்லை.

“ஒரே ஒரு தடவைதான் சார் தப்பு நடக்குது. ஆரம்பத்துலயோ முடிவுலயோ. ஆனா என்னன்னு பிடிபடலை.”

அவர் மூன்று விடைகளையும் மேலும் கீழும் பார்த்தார். குண்டைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தார்.

“நான் விடறேன். நீங்க எண்ணுங்க. வாய்விட்டு எண்ணணும்.”

விட்டார்.

“லாபம்” என்றாள் தமயந்தி.

குண்டு அந்தக் கோடிக்குப் போவதற்குள் அவர் அதை எட்டிப் பிடித்துவிட்டார்.

“என்னது, லாபமா?”

தமயந்திக்கு வெட்கமாகிவிட்டது. அப்பா நெல் மண்டி வைத்திருந்தவர். மண்டியில் அளக்கும்போது ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டார்கள். முதல் மரக்கால் லாபம். அப்புறம்தான் ரெண்டு, மூணு. அவள் வாய்க்கு அதுதான் வரும். இத்தனை நாளும் மனசுக்குள் எண்ணியதால் யார் காதிலும் விழவில்லை.

“ஒண்ணுக்குப் பதிலா அப்படித்தான் சார் சொல்லுவோம்.”

“தாராளமாச் சொல்லுங்க. அதுல குத்தமே இல்லை.” அவர் மூடிய கையை அவள் முன்னால் நீட்டினார். குண்டு உள்ளே இருந்தது. “இது எத்தனை ஆட்டம் ஆடியிருக்கு?”

தமயந்தி அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு ஆட்டம்கூட முடியவில்லை.

“மண்டியில…” என்று மெதுவாக ஆரம்பித்தாள். “நெல்லு சாக்குல விழுந்தப்புறம்தான் சார் லாபம்பாங்க. நான் மரக்காலைக் கையில எடுத்ததுமே சொல்லிட்டேன். இருபதுன்னு எழுதினது அத்தனையும் பத்தொன்பது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

குண்டை அவளே வாங்கி, இழுத்து, பேசாமல் விட்டாள். அது போய்த் திரும்பிவந்த பிறகு லாபம் என்றாள். இருபதாவது ஆட்டம் முடிந்ததும் கடிகாரத்தை நிறுத்தினாள். கணக்கை இரண்டு தடவை போட்டாள்.

“ஒன்பது புள்ளி எட்டு சார்.”

“அப்புறம் என்ன? வெள்ளிக்கிழமை இதை இப்படியே நடத்திக் காட்டிடுங்க. நீங்க பாஸ்.”

“இல்லை சார். வெள்ளிக்கிழமை பழையபடிதான் எண்ணப்போறேன். குண்டை விடும்போதே லாபம்.”

“அக்கா! பத்து புள்ளி ஒன்பதுல்ல வரும்?”

“வரட்டும். பத்து ஆட்டத்துக்குப் பன்னிரண்டும் வரட்டும். டீச்சர் எங்க கோட்டை விட்டான்னு அதுங்க பிடிக்கட்டும்.”

“பின்னால எக்ஸாமினர் உட்கார்ந்திருப்பாரு.”

தமயந்தி ஆடிக்கொண்டிருந்த குண்டைக் கையால் நிறுத்தினாள்.

“முன்னால பிள்ளைங்க உட்கார்ந்திருப்பாங்களே சார்.”