வாசல் பார்த்த காலணி

தெற்கிலிருந்து யாத்திரை போன வேலப்ப அடிகளும் அவருடைய சீடன் நாகலிங்கமும் எல்லை தாண்டி வேற்று நாட்டு மலையில் நடந்துகொண்டிருந்தபோது, பனி வழியை மூடிவிட்டது. முன்பின் தெரியாத ஒரு வயதான தம்பதி அவர்களை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள். அடுப்பு ஓரத்தையும் தடித்த கம்பளியையும் விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, தாங்கள் காற்று புகும் கதவோரம் படுத்தார்கள்.

உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர்தான் நாகலிங்கத்துக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மற்றபடி ராஜ உபசாரம்.

வந்த அன்றே அந்த வீட்டு அம்மாள் பெமா, இருவரின் காலணிகளையும் வாங்கி, முனை வீட்டின் உள்பக்கம் பார்க்கும்படி வைத்தாள்.

“இது எதுக்கு சாமி?”

அந்த ஊர்ப் பேச்சு அடிகளுக்குக் கொஞ்சம் தெரியும்.

“இங்கேயே இருங்கன்னு அர்த்தமாம். கிளம்புற அன்னைக்கு அந்தம்மாவே வாசல் பக்கம் திருப்பி வைப்பாங்களாம். விடை கொடுக்கிறது அப்படித்தான்.”

பக்கத்தில் இன்னொரு ஜோடியும் உள்பக்கம் பார்த்தபடி இருந்தது. தூசி படாமல் துடைத்திருந்தது. கிழவருடையதாக இருக்கும் என்று நாகலிங்கம் நினைத்துக்கொண்டான். கேட்கவில்லை.

பனி விலகி, கிளம்பும் நாள் வந்தது. கிழவர் கொஞ்ச தூரம் வழிகாட்ட வருவதாகச் சொல்லியிருந்தார்.

நாகலிங்கத்துக்கு எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் புத்தி. கற்றதைச் செய்து காட்டாவிட்டால் கை துறுதுறுக்கும். முழங்கால் வலியோடு பெமா எதற்குக் குனிய வேண்டும் என்று, எல்லோருக்கும் முன்னால் எழுந்து மூன்று ஜோடியையும் வாசல் பக்கம் திருப்பி வைத்தான்.

தேநீரோடு வந்த பெமா அதைப் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள். மூன்றாவது ஜோடியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெயரைச் சொன்னாள்.

கிழவர் ஓடிவந்து அதை மறுபடி உள்பக்கம் திருப்பப் போனார். பெமா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பிறகு எழுந்து, வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள். நாகலிங்கத்தின் கன்னத்தைத் தொட்டு வழியனுப்பினாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஓடை திரும்பும் இடம்வரை கிழவர் கூட வந்தார். அடிகளிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

“அது யாரோடது சாமி?”

“அவங்க மகனோடது. பனியில ஆட்டைத் தேடிப் போனவன். அவசரத்துல அப்பாவோட காலணியை மாட்டிக்கிட்டு ஓடினானாம். ஆடு வந்துடுச்சு.”

நாகலிங்கம் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

“நான் திரும்பிப் போறேன் சாமி. கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டு, பழையபடி வச்சுட்டு வந்துடறேன்.”

“அவர் வைக்கத்தானே போனாரு? அந்தம்மா விட்டாங்களா?”

நாகலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அவன் வரமாட்டான்னு அவங்களுக்குத் தெரியாதா சாமி?”

“தெரியாமலா?”

“அப்போ என்னைக்காவது ஒருநாள் திருப்பித்தானே ஆகணும்?”

அடிகள் ரொட்டி மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“ஆமாப்பா. என்னைக்காவது ஒருநாள் தன் கையாலயே திருப்பி வச்சு, அந்தம்மா புள்ளைக்கு விடை கொடுத்திருப்பாங்க. அந்த நாளை நீ எடுத்துக்கிட்டு வந்துட்டே.”