மயில் கட்டிய கண்ணாடிக் குளம்

மலைக்காட்டு ஓடைக்கரையில் மனிதர்கள் விட்டுப்போன ஓர் ஓட்டுவீடு இருந்தது. அதற்குள் ஒரு குண்டு பல்பு எப்போதும் எரிந்துகொண்டிருந்தது. தோகைமணி என்ற மயில் தன்னைத் தானே அதற்குக் காவலனாக நியமித்துக்கொண்டது.

தினமும் மூன்று முறை தோகையால் பல்பைத் துடைக்கும். வெளிச்சமே அந்தத் துடைப்பில்தான் வருகிறது என்பது அதன் முடிவான எண்ணம். வேறு யாரையும் கிட்டே விடாது.

பல்பின் அடியில் காட்டுக்கோழி செம்பியின் ஒன்பது முட்டைகள் இருந்தன. நரியிடம் ஒரு சிறகைப் பறிகொடுத்த செம்பியால் நான்கைத்தான் மூட முடிந்தது. மற்ற ஐந்துக்கும் பல்பின் சூடுதான் தாய். குஞ்சு பொரிக்க இன்னும் இரண்டே நாள்.

வெளியே, அருவியிலிருந்து வந்த வாய்க்கால் ஒரு சக்கரத்தின் மேல் விழுந்தது. சருகு அடைக்காதபடி துழாவி என்ற நீர்நாய் நாள் முழுதும் வாய்க்காலைத் துப்புரவு செய்யும். தோகைமணி அதைச் சேற்றுக்காரன் என்றே கூப்பிடும். வேலையில்லாதவனுக்குக் குப்பை பொறுக்கத்தான் தெரியும் என்று செம்பியிடமும் சொல்லிச் சிரிக்கும்.

அன்று காலை தோகைமணிக்குத் தன் அழகைப் பார்க்க ஆசை வந்தது. ஓடும் நீரில் தோகை கலங்கிக் கலங்கித் தெரிந்தது. உடனே ஏழு கற்களை உருட்டி வாய்க்காலை அடைத்தது. நீர் குளமாகத் தேங்கியது. மிச்சம் வழிந்து பழைய ஓடைக்கே திரும்பியது. தோகைமணி தோகைக் கண்களை எண்ணத் தொடங்கி நூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தபோது, வீட்டுக்குள் செம்பி அலறியது.

பல்பு அணைந்திருந்தது.

தோகைமணி பல்பை மறுபடியும் துடைத்தது. கம்பியையும் துடைத்தது. ஆடியும் பார்த்தது. கடைசியில், பல்புக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது. செம்பியோ குளிர்ந்த முட்டைகளை மாற்றி மாற்றி அணைத்துத் தவித்தது.

மேல்வாய்க்காலில் இருந்த துழாவி சத்தம் கேட்டு ஓடிவந்தது. வழியில் ஏழு கற்களையும் பார்த்துவிட்டது.

"பல்புக்குள் ஒன்றும் இல்லை, மயிலாரே. விழும் தண்ணீரின் வேகம் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் அதோடு பூட்டிய டைனமோவுக்குள் காந்தத்தைச் சுற்றுகிறது. அந்தச் சுழற்சிதான் மின்சாரமாக மாறிக் கம்பி வழியே வருகிறது. பல்பில் அதுவே ஒளியும் சூடும் ஆகிறது."

"தண்ணீர் சூடு தருமா? தண்ணீர் நெருப்பை அணைக்கும். கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும்."

"குஞ்சு உயிரோடு வெளியே வந்தால்தானே தெரியும்? கல்லை எடும்."

தோகைமணி குளத்தைத் திரும்பிப் பார்த்தது. நூற்றுப் பதின்மூன்றாவது கண்ணை இன்னும் எண்ணவில்லையே என்று முணுமுணுத்தது. துழாவி காத்திருக்கவில்லை. ஏழு கற்களையும் தானே தள்ளியது.

சக்கரம் முனகிக்கொண்டு சுற்றியது. பல்பு முதலில் சிவந்தது, பிறகு மஞ்சளாக எரிந்தது.

"பார்த்தாயா, செம்பி? நான் துடைத்தது இப்போதுதான் வேலை செய்கிறது" என்றது தோகைமணி.

இரண்டாம் நாள் எட்டுக் குஞ்சுகள் பொரித்தன. ஒன்பதாவது முட்டை அசையவே இல்லை. செம்பி எட்டையும் கூட்டிக்கொண்டு, பல்பைத் துடைத்துக்கொண்டிருந்த மயிலைத் தாண்டிப் போய்ச் சக்கரத்தின் முன் நிறுத்தியது.

வெளிச்சம் தெரியும் இடத்திலேயே பிறக்கிறது என்று நம்புகிறவன், அது பிறக்கும் இடத்தைத் தானே அடைத்துவிட்டு, அணைந்த விளக்கைக் குறை சொல்வான்.